ஆறு கால் கனெக்டரும் ஆரோக்கியமேரியின் சீட்டும்

போன வாரம் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் ‘இனிமையான பணி அனுபவங்களை’ இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டுமாம். கூடவே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படமும் கேட்டிருந்தார்கள். கசப்பான அனுபவம் உள்ளவர்கள் எத்தனை பக்கம் எழுதலாம் என்று அதில் சொல்லவில்லை.

அதே செய்தியின் கடைசியில் இன்னொரு தகவலும் இருந்தது. புது சாஃப்ட்வேர் வாங்கிவிட்டார்கள். எந்தப் பாகம் வேண்டுமோ அதன் படத்தை அதுவே இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளுமாம். ஆகவே லைப்ரரிப் பிரிவு என்று ஒன்று இனிமேல் கிடையாது. இருபத்தெட்டு வருடம் நான் பார்த்த வேலையை இப்போது ஒரு பட்டன் பார்க்கிறது. பட்டன் பதினோரு மணிக்கு டீ கேட்காது. பொங்கலுக்கு முந்தின நாள் சீக்கிரம் கிளம்புகிறேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்காது. நிர்வாகம் சந்தோஷமாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

லைப்ரரி என்றதும் எங்கள் ஊர் கீரப்பாளையத்தில் எல்லோரும் நான் கடலூரில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தார்கள். என் மனைவியின் தம்பி ஒருநாள், “மாமா, ஒங்க லைப்ரரில பழைய வாரப் பத்திரிகையெல்லாம் என்னா பண்ணுவாங்க? எடைக்குத்தான போடுவாங்க, நாலு எடுத்தாங்களேன்” என்று கேட்டான். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப புக்கே இல்லியா?” என்றான். அதற்குப் பிறகு அவன் என்னை முன்போல் மதிக்கவில்லை.

அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் போர்டு என்பது பச்சையாக ஒரு தட்டை. அதன்மேல் நூறு இருநூறு பாகங்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் கால்கள் உண்டு. எந்தக் கால் எந்தத் துளையில், எவ்வளவு இடைவெளியில் இறங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு படம் இருக்க வேண்டும். அதற்கு ஃபுட்பிரிண்ட் என்று பெயர். போர்டு வரைகிறவர் அதை வரைய மாட்டார். லைப்ரரியில் இருப்பதை எடுத்து வைத்துக்கொள்வார். அந்தப் படங்களை வரைந்து, பெயர் வைத்து, எண் கொடுத்து, கண்டவர் கைபடாமல் காப்பது என் வேலை. படம் சரியாக இருக்கும்வரை என் நினைவு யாருக்கும் வராது. தப்பாக இருந்தால் மட்டும் கலியபெருமாள் என்று என் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

படித்த கதையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். சிதம்பரத்தில் டிப்ளமோ, அங்கேயே ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் மூன்று வருடம், பிறகு கடலூர். தினமும் சிதம்பரம் வந்து பஸ் மாறிப் போவேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை தூங்குவேன், அதற்குப் பிறகு கம்பெனிக் கவலை. நான் சேர்ந்தபோது லைப்ரரி இருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் என்ற ஒரே சாமான் ஏழு பெயரில் கிடந்தது. ஒன்று ‘புதுசு’. ஒன்று ‘புதுசு கடைசி’. இன்னொன்று ‘இதைத்தான் எடுக்கணும்’. அதற்குப் பக்கத்திலேயே ‘முருகன் போட்டது, எடுக்காதீங்க’. முருகன் வேலையை விட்டுப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அவர் போட்டதைத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் குப்பையைக் கூட்ட எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கூட்டி முடித்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. கொஞ்சம் என்று சொல்வது என் கணக்கு. மற்றவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.

என் மேலதிகாரி தேவநாதன் சார். டிசைன் பிரிவுக்கே தலைவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஆறு அங்குல எஃகு ஸ்கேலும், ஒரு பச்சை மைப் பேனாவும் இருக்கும். கூப்பிட்டனுப்பினால் உடனே பேச மாட்டார். நாம் போய் நிற்போம். அவர் ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி, ஊதி, குடித்து, மூடியைத் துடைத்து, திருகி வைப்பார். அதற்குள் நாம் செய்த தப்பெல்லாம் நமக்கே நினைவுக்கு வந்துவிடும். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்றெல்லாம் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. “யாரு பாத்தா?” அதுதான் அவர் கேட்கிற ஒரே கேள்வி. சரிபார்த்தவர் பெயர் கிடைத்துவிட்டால் மீதி விவரம் தானாக வரும் என்பது அவர் கொள்கை. பாராட்ட வேண்டியிருந்தால் “பரவால்ல” என்பார். அதை நான் இருபது வருடத்தில் நாலு தடவை வாங்கியிருக்கிறேன்.

புதுப் பாகம் ஒன்று லைப்ரரிக்குள் வருவதற்கு அவரும் நானும் சேர்ந்து ஒரு முறை வைத்திருந்தோம். முதலில் பாகத்தைத் தயாரிக்கிறவன் கொடுக்கும் விவரத்தாளை, அதாவது டேட்டாஷீட்டை, பிரிண்ட் எடுக்க வேண்டும். திரையில் பார்த்தது பார்த்ததாகாது. அதை வைத்து நான் ஃபுட்பிரிண்ட் வரைவேன். வரைந்ததை அசல் அளவிலேயே காகிதத்தில் அச்சடிப்பேன். அச்சு இயந்திரம் அளவைச் சுருக்கிவிடவில்லையே என்று சார் ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். பிறகு அந்தக் காகிதத்தை ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் வைத்து, அசல் பாகத்தை இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலும் அதற்குரிய வட்டத்தில் இறங்குகிறதா என்று குத்திப் பார்ப்பார். இறங்கினால் வரைந்தவர் என்று நானும், பார்த்தவர் என்று அவரும் கையெழுத்துப் போடுவோம். தாள் ஃபைலுக்குள் போகும். அந்தத் தெர்மாகோல் சடங்கு நடக்கும்போது அறைக்குள் யாரும் தும்மக்கூடாது.

இன்னொரு விதியும் இருந்தது. லைப்ரரியில் ஒருமுறை ஏறிய பாகத்தில் ஒரு புள்ளியை நகர்த்தினாலும் மாற்றக் குறிப்பு எழுத வேண்டும். என்ன மாற்றம், ஏன், முதலில் போட்டது யார், இதனால் யார் யாருக்குத் தெரிய வேண்டும் என்று நாலு கட்டம். நகல் உற்பத்திக் கூடம்வரை போகும். அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். மாற்றக் குறிப்பு இல்லாமல் கை வைத்தவர்களை எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவனும் நான்.

இனி இந்தக் கட்டுரை எதற்காக என்று சொல்லும் இடம் வந்துவிட்டது.

எங்கள் கம்பெனி இறால் குளங்களுக்கு ஒரு கன்ட்ரோல் போர்டு செய்துகொண்டிருந்தது. குளத்துத் தண்ணீரைக் கலக்கிக் காற்றுக் கொடுக்கும் மோட்டார்களை அது ஓட்டும். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கமெல்லாம் போகும். அந்தப் போர்டுக்குக் கரண்ட் வருகிற கனெக்டருக்கு ஆறு கால். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. அதன் ஃபுட்பிரிண்ட்டை நான் வரைந்தேன். தெர்மாகோல் சடங்கு நடந்தது. ஆறு காலும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

ஆறு வருடம் போர்டு ஓடியது. ஒரு புகாரும் இல்லை.

ஏழாவது வருடம் அதே கனெக்டரை வேறொரு போர்டுக்குக் கேட்டார்கள். எதற்கோ டேட்டாஷீட்டைத் திரும்ப எடுத்தேன். படத்துக்குக் கீழே எறும்பு சைஸில் இரண்டு வார்த்தை இருந்தது. கீழிருந்து பார்த்த படமாம். நான் மேலிருந்து பார்த்ததாக நினைத்து வரைந்திருக்கிறேன். அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல் இடமும் வலமும் மாறியிருக்கிறது. துளைகள் ஒத்த அளவில் இருந்ததால் கால்கள் இறங்கிவிட்டன. ஆனால் பிளஸ் வர வேண்டிய காலில் மைனஸ். காகிதத்தில் கால் இறங்குகிறதா என்று பார்த்தோமே தவிர, எந்தக் கால் இறங்குகிறது என்று பார்க்கவில்லை. சார் அத்தனை நேரம் மூச்சைப் பிடித்ததெல்லாம் வீண்.

அந்த நிமிடம் நியாயமாக எனக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய தப்போடு ஆறு வருடம் போர்டு எப்படி ஓடியது? எனக்கு வந்த கேள்வி வேறு. இது யாருக்காவது தெரியுமா?

மாற்றக் குறிப்பை எடுத்தேன். ‘முதலில் போட்டது யார்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நான் எத்தனை பேர் பெயரை அந்தக் கட்டத்தில் ஆசையாக எழுதியிருக்கிறேன்! படிவத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். சுற்றிலும் பார்த்தேன். ஃபுட்பிரிண்ட்டைச் சரிசெய்து சேமித்தேன். மொத்தம் நாலு நிமிடம்.

அந்த வாரமே இறால் போர்டில் ரிலே என்ற ஒரு பாகத்தை மாற்றுவதற்காக அதை மறுபடி வரைந்துகொண்டிருந்தார்கள். லைப்ரரியிலிருந்து புதுப்பிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. வரைகிறவர் ஆமாம் என்று தட்டியிருக்கிறார். கனெக்டர் பக்கம் கரண்ட் போகும் தடங்கள் பொருந்தாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார். “சின்ன திருத்தம்தான், அதுக்கேத்த மாதிரி வரஞ்சுருங்க” என்றேன். அவரும் வரைந்துவிட்டார். போர்டு இப்போது எல்லா விதத்திலும் சரியாகிவிட்டது. அதுதான் பிரச்சினை.

ஒரு புதன்கிழமை புதுப் போர்டுகளின் முதல் இருபதைச் சோதனை ரேக்கில் மாட்டி ஒரே சுவிட்சில் போட்டார்கள். இருபதும் வரிசையாக வெடித்தன. நான் மாடியில் இருந்தேன். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வெடி போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கருகின வாடை ஏறி வந்தது.

கீழே உற்பத்திக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இருபது போர்டிலும் கனெக்டர் மேல்பக்கம் இல்லை. அடிப்பக்கத்திலிருந்து செருகி ஈயத்தால் சால்டர் செய்யப்பட்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆறு வருடமாக நான் கண்ணாடிப் பிம்பம் போல வரைந்து கொடுத்ததை, இவர்கள் கனெக்டரை அடிப்பக்கமாக மாட்டி நேர் செய்துகொண்டிருக்கிறார்கள். தப்பும் தப்பும் சேர்ந்து சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் என் தப்பை மட்டும் திருத்தியிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்லவில்லை. டிசைன் பிரிவில் இருந்த எங்களில் ஒருவன் ஆறு வருடத்தில் ஒருமுறை படியிறங்கி வந்திருந்தால் இது தெரிந்திருக்கும். மொத்தம் பதினெட்டுப் படி.

போர்டில் பாகங்களை மாட்டும் பெண்களுக்குப் பொறுப்பு ஆரோக்கியமேரி. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், வீடு. கணவர் இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்துக்கு இந்த ஒரு சம்பளம்தான். வாய் கொஞ்சம் கூர்மை. கை அதைவிடக் கூர்மை.

பரங்கிப்பேட்டையிலிருந்து போர்டு கேட்டிருந்த ஜபருல்லா பாய் அன்றே சாருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. “சார், கொளத்துல குஞ்சு வுட்டு பன்னெண்டு நாளாச்சு. மோட்டாரு நின்னுச்சுன்னா அம்புட்டும் மேல மெதக்கும். இன்ஷா அல்லா இந்த வாரம்னு சொன்னீங்க, எந்த வாரம்னு சொல்லலியே!” சார் வெந்நீர் ஊற்றிக்கொள்ளாமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன். நிர்வாகத்திலிருந்தும் கேட்டுவிட்டார்கள். யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. யார் என்பது மட்டும் மீதி.

வியாழக்கிழமை சாரின் அறையில் விசாரணை. மேரி நின்றார். நான் நிபுணன் என்ற முறையில் உட்கார்ந்திருந்தேன்.

“யாரு பாத்தா?” என்றார் சார்.

“நான்தான் சார் பாத்தேன்.”

“கனெக்டர் மேல்பக்கம்னு டிராயிங்ல இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அப்பறம் ஏம்மா அடியில மாட்டுன?”

“ஆறு வருசமா அடியிலதான் சார் மாட்டறோம். மேல மாட்டுனா பொகையுது.”

“அப்பிடி மாட்டச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல சார். மொத லாட்டுல ரெண்டு போர்டு பொகஞ்சுது. நாங்களே மீட்டர் வெச்சுப் பாத்தோம். திருப்பிப் போட்டா ஓடுது. சரி, ஓடுதேன்னு அப்பிடியே போட்டுக்கிட்டு வரோம்.”

“அத மேல சொல்ல வேணாமா?”

“லைப்ரரிக்கு எழுதிக் குடுத்தோம் சார்.”

சாரின் கை ஃபிளாஸ்க் மேல் அப்படியே இருந்தது. “எழுத்துல இருக்கா?”

மேரி என்னைப் பார்த்தார். அதிகம் போனால் மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆறு வருடம் முன்னால் ஒரு துண்டுச் சீட்டு வந்தது உண்மை. நான் அதில் ஏதோ எழுதித் திருப்பி அனுப்பியதும் உண்மை. என்ன எழுதினேன் என்று நினைவில்லை. கனிவாக எழுதியிருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

“தேடிப் பாக்கணும் சார்” என்றார் மேரி.

நான் வாயைத் திறக்கவில்லை. மேஜைமேல் இருந்த ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம், திங்கட்கிழமை முடிவு சொல்கிறோம் என்று சார் சொன்னார். மேரி தலையாட்டிவிட்டுப் போனார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை எனக்கு நிறைய நியாயங்கள் கிடைத்தன. டிராயிங்கில் உள்ளபடி மாட்டாதது அவர்கள் தப்புதானே? நான் திருத்தியது நல்ல எண்ணத்தில்தானே? சீட்டு எழுதினால் போதுமா, நேரில் வந்து சொல்லக்கூடாதா? பஸ்ஸில் சிதம்பரம் வருவதற்குள் நான் முழு நிரபராதி ஆகிவிட்டேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி, “என்னாத்துக்கு இன்னிக்கு ஒருத்தரயும் கிண்டல் பண்ணாம சாப்புடறீங்க? ஒடம்புக்கு என்னா?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “அந்தப் பொண்ணு பீசு யாரு கட்டுவாங்க?” என்றாள். அதற்கு என்னிடம் நியாயம் இல்லை.

சனிக்கிழமை கம்பெனி உண்டு. காலையில் முதல் வேலையாக அந்தக் கனெக்டரின் ஃபைலையும், எழுதாமல் மடித்து வைத்த மாற்றக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். நாலு கட்டத்தையும் இப்போது நிரப்பியிருந்தேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். பயமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றும் இல்லை.

சார் வெந்நீர் ஊற்றினார். ஊதினார். குடித்தார். மூடியைத் துடைத்துத் திருகினார். பிறகு குறிப்பைப் படித்தார். ஃபைலைத் திறந்து தெர்மாகோல் ஓட்டைகள் விழுந்த அந்தப் பழைய தாளை எடுத்தார். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

“யாரு பாத்தா?”

“நான் போட்டேன் சார். நீங்க பாத்தீங்க.”

அவருடைய பச்சை மைக் கையெழுத்து ஆறு வருடத்தில் கொஞ்சம்கூட மங்கவில்லை. நல்ல மை. அவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, “கீழேந்து பாத்தது…” என்று டேட்டாஷீட்டின் அந்த இரண்டு வார்த்தையை முனகினார். பிறகு, “மேரிக்குப் போன் பண்ணி திங்கக்கெழம வரச் சொல்லு. பழைய மாதிரி வேலைக்கு. நான் மேல பேசிக்கறேன்” என்றார்.

மேலே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் இரண்டு மெமோ டைப் அடித்து வந்தன. ஒன்று எனக்கு. இன்னொன்று, சரிபார்ப்பதில் கவனக்குறைவாக இருந்ததற்காக, தேவநாதன் அவர்களுக்கு, தேவநாதன் கொடுத்தது. கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பி வைத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டார். தனக்குத்தானே மெமோ கொடுத்து வாங்கிக்கொண்ட அதிகாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்ததே அன்றைக்குத்தான்.

இதோடு நிறுத்தினால் ஆண்டு மலருக்குக் கச்சிதமாக இருக்கும். தப்பு செய்தான், தானே முன்வந்து ஒப்புக்கொண்டான், பக்கத்தில் பாஸ்போர்ட் படம். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அதுகூட என் நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்றுதான் எடுத்துக்கொண்டேன். போனில் மேரியிடம் வேலைக்கு வரச் சொன்னேனே தவிர காரணம் சொல்லவில்லை. நேரில் சொல்வதுதான் முறை என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஓ.டி.க்குப் போனேன்.

மேரி அப்போதுதான் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ கொடுத்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முழுக் கதையையும் சொன்னேன். கீழிருந்து பார்த்த படம், ஆறு வருடம், யாருக்கும் சொல்லாமல் திருத்தியது, சனிக்கிழமை சாரிடம் ஒப்புக்கொண்டது, மெமோ. ஒப்புக்கொண்ட இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் உள்ளே போய், தினமும் வேலைக்கு எடுத்து வரும் சாப்பாட்டுப் பையைக் கொண்டு வந்தார். அதன் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். மேலே அவர் கையெழுத்தில், ‘கரண்ட் கனெக்டர் ஒன்றாம் கால் இடம் மாறி இருக்கு. பாருங்க சார்.’ கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து: ‘டேட்டாஷீட் படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்தாயிற்று. நீங்கள் சால்டரிங்கைக் கவனிக்கவும்.’

கீழே தேதி போட்டு, அழகாகக் கோடிட்டிருந்தேன்.

எனக்கு அந்த வீட்டில் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

“இத… வியாழக்கெழம தேடணும்னு சொன்னீங்களே?” என்றேன்.

“பையிலதான் சார் இருந்துச்சு. ரேக்கு வெடிச்ச அன்னிக்கே எடுத்து வெச்சுட்டேன்.”

“அப்ப அங்கயே காட்டியிருக்கலாமே?”

“காட்டத்தான் வந்தேன். எழுத்துல இருக்கான்னு சார் கேட்டாருல்ல, அப்ப நீங்க வாயத் தொறப்பீங்கன்னு ஒங்க மொகத்தப் பாத்தேன். தொறக்கல. சரி, இவரும் புள்ளகுட்டிக்காரரு, யோசிக்கட்டும், திங்கக்கெழம வரைக்கும் போவட்டும்னு வுட்டேன்.” டம்ளரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். “நாளைக்கு மொத வேலையா சார் டேபிள்ல வெக்கறதா இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார். நான் ஒருநாள் முழுக்க மெச்சிக்கொண்டிருந்த என் நேர்மைக்கு, எனக்குத் தெரியாமல் ஒரு பெண் திங்கட்கிழமைவரை தவணை கொடுத்திருக்கிறார். தன் வேலையையும், மகள் படிப்பையும் அந்த மூன்று நாளும் கையில் பிடித்துக்கொண்டு நான் எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்திருக்கிறார். என் வாழ்நாளில் என்னை இத்தனை கவனமாகச் சரிபார்த்தவர் வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை எந்தப் புதுப் பாகமும் வெறும் இரண்டு கையெழுத்தோடு லைப்ரரிக்குள் போகவில்லை. தெர்மாகோல் முடிந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கிப் போவேன். மேரி அசல் பாகத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மீட்டர் வைத்து, மூன்றாவதாகக் கையெழுத்துப் போடுவார். சில நாள் கால் மணி நேரம் என்னை நிற்க வைப்பார். வேண்டுமென்றேதான். நானும் நிற்பேன். புது சாஃப்ட்வேரில் அந்த மூன்றாவது கையெழுத்துக்கு இடம் வைத்திருக்கிறார்களா என்று மலர்க்குழு விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஒன்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

“அந்தச் சீட்ட எங்கிட்டயே குடுத்துருங்களேன் மேரி. அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே.”

அவர் சீட்டை உறைக்குள் போட்டு, பைக்குள் வைத்து, ஜிப்பை மூடினார்.

“இருக்கட்டும் சார். ஒங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்குல்ல?”